காணாக்கடியும் கொல்லாமையும்

இரவு உறங்கி எழுந்தவுடன் கையிலோ கழுத்திலோ சிவந்த தடிப்புகளைக் காண்கிறோம். கடித்தது எதுவெனத் தெரிவதில்லை. காரணம் புலப்படாத இத்தகைய தடிப்புகளை நம் முன்னோர் ‘காணாக்கடி’ என்றனர். காணவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அச்சொல்லிலேயே இருக்கிறது. நம் கைகளோ அந்த நேர்மையைக் கடைப்பிடிப்பதில்லை. கண்ணிற்பட்ட முதற் பூச்சியை நசுக்குகின்றன. அன்றேல் மருந்தை வாங்கி வந்து அறை முழுதும் தெளிக்கின்றன. குற்றம் இழைத்தது எதுவென ஆராயாமலே தண்டனை நிறைவேறிவிடுகிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லங்களிலும் இது நிகழ்கிறது. இது தகுமா? கடித்தது இன்னதெனத் தெரிந்த பின்னர் இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களையும் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அறிதலும் அறமே

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டியது நம் சமயம். எறும்பு, பேன், மூட்டைப்பூச்சி ஆகியவை மூவறிவுயிர்கள். கொசு, ஈ, வண்டு ஆகியவை நாலறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்துரைக்கிறது. வெறும் பட்டியலுக்காகவா இவ்வளவு நுட்பம்? ஓர் உயிர் எங்கு வாழ்கிறது, எதை உணர்கிறது என்று அறியாதவர் அதற்குத் தீங்கு நேராமல் நடக்க இயலாது. நற்காட்சியும் நன்ஞானமும் முன்னிற்க, நல்லொழுக்கம் அவற்றின்பின் வருவதும் இக்காரணம் பற்றியே. ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய தெளிவு. ஆராயாது தெளிக்கும் மருந்து விழிப்பின்மையின் வடிவமேயாகும்.

தழும்பு சொல்வதும் சொல்லாததும்

தழும்பை மட்டும் பார்த்துக் கடித்தது எதுவென உறுதியாகச் சொல்லுதல் மருத்துவருக்கும் அரிது. ஆயினும் சில குறிப்புகள் உண்டு. கொசு, மூடாத இடங்களில் ஆங்காங்கே கடிக்கும். நாய், பூனையின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் கணுக்காலிலும் கீழ்க்காலிலும் கடிக்கும். மூட்டைப்பூச்சியின் கடி வரிசையாகவோ கொத்தாகவோ அமைவதுண்டு. அதன் உமிழ்நீர் கடிபட்ட இடத்தை மரக்கச் செய்வதால் ஐந்து, பத்து நிமிடம் அது குருதி உறிஞ்சினும் நாம் விழிப்பதில்லை. தடிப்பு சிலருக்கு உடனே தோன்றும், சிலருக்குச் சில நாட்கள் கழித்துத் தோன்றும், சிலருக்குத் தோன்றுவதேயில்லை. ஆகவே ஒரே படுக்கையில் உறங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் தழும்பு இருந்தால், மற்றவரைப் பூச்சி தீண்டவில்லை என்று முடிவு கட்டலாகாது.

மெய்யான சான்று உடலில் இல்லை, படுக்கையில் இருக்கிறது. மெத்தையின் தையலோரம், கட்டிலின் மூட்டு, சுவரின் வெடிப்பு ஆகியவற்றை விளக்கொளியில் பார்த்தல் வேண்டும். மைத்துளி போன்ற கரும்புள்ளிகள், உரித்த தோல்கள், வெண்ணிறச் சிறு முட்டைகள் காணப்பட்டால் ஐயம் தீரும். இவை ஒன்றும் இல்லையெனில், காரணம் பூச்சியாகவே இல்லாமலும் போகலாம். உணவு, மருந்து, புதிய சோப்பு ஆகியவற்றின் ஒவ்வாமையாலும் தடிப்புகள் எழுகின்றன. கடிக்காத பூச்சிகளைக் கொன்று அத்தடிப்பை ஆற்ற முடியுமா?

நசுக்கும் கையே நஞ்சூட்டும்

மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி வரும் ஒரு சிறு வண்டு உண்டு. எறும்பினைப் போல் நீண்டு, ஆரஞ்சும் கருமையும் மாறி மாறி அமைந்த உடலையுடையது. பீடரஸ் என்பது அதன் அறிவியற் பெயர். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்து நசுக்கினால், அதன் உடலிலுள்ள பீடரின் என்னும் நச்சுநீர் தோலிற்படுகிறது. ஓரிரு நாளில் தீச்சுட்டது போன்ற கோடும் கொப்புளமும் தோன்றுகின்றன. வாயால் ஊதி அகற்றியிருந்தால் இருவருக்கும் துன்பமில்லை. நசுக்கியபின், சோப்பும் நீரும் கொண்டு கழுவுவது ஒன்றே உடனடியாகச் செய்யத்தக்கது. தீங்கு செய்தவர்க்கே திரும்பி வருவதை இவ்வண்டினும் எளிதாகக் குழந்தைகளுக்கு விளக்க வேறொன்று வேண்டுமோ?

கடினமான வினா

இதுவரை கூறியது எளிது. இனிக் கூறப்போவது அத்துணை எளிதன்று.

சொறிசிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய சிற்றுயிர். அதன் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்தாலிய மருத்துவர் போனோமோ 1687 ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் தோலைத் துளைத்து அது முட்டையிடுகிறது. அரிப்பு இரவில் மிகும். முதன்முறை தொற்றியவர்க்குப் பல வாரங்கள் கழித்தே அரிப்பு தோன்றும். அதற்குள் வீட்டில் உள்ளோர்க்கும் பரவியிருக்கும். மருந்து பூசினால் அவ்வுயிர்கள் மாளும். பூசாவிடின் குழந்தை உறக்கமின்றி அழும். இங்கே கொல்லாமை என்ன சொல்கிறது?

ஹிம்சையை நான்காகப் பிரித்துரைப்பர். கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கல்ப ஹிம்சை. சமையல், துப்புரவு முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோதி ஹிம்சை. அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். மருந்து பூசுதல் விரோதி ஹிம்சையே என்று சிலர் எளிதிற் கூறி அமைவர். நமக்கு அதில் முழு நிறைவில்லை. அச்சிற்றுயிர்க்கு நம்மீது பகையேதும் இல்லை. அது தன் உணவைத் தேடுகிறது. பெயர் மாற்றிச் சொல்வதால் கொலை கொலையல்லாமற் போகாது.

மருந்தே கூடாது என்போரும் உளர். துறவியர் பொறுக்கும் 22 பரீஷகங்களுள் கொசு முதலியவற்றின் கடியைப் பொறுத்தலும் ஒன்று என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அது மெய்யே. ஆனால் அப்பொறுமையைத் துறவி தாமே மனமுவந்து ஏற்கிறார். தொட்டிலில் கிடக்கும் குழந்தை எவ்விரதத்தையும் ஏற்கவில்லை. தம் விரதத்திற்குப் பிறர் உடலை விலையாகக் கொடுத்தல் தவமாகாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. பொதுவாகச் சொறிசிரங்கு கண்டவர் உடலில் இருப்பவை பத்துப் பதினைந்து சிற்றுயிர்களே. காலந்தாழ்த்தினால் அவை வீட்டார் அனைவர் உடலிலும் பெருகும். பின்னர் அத்தனையும் மாள நேரும். இரக்கத்தின் பெயரால் செய்த தாமதம் கொலையையே பெருக்குகிறது. ஆதலின் விரைவில் மருத்துவரைக் கண்டு, அவர் கூறும் மருந்தை வீட்டார் அனைவரும் ஒருங்கே பயன்படுத்துவதே குறைந்த ஹிம்சை எனக் கருதுகிறோம். ஹிம்சையே இல்லை என்று கூறத் துணியோம். நேர்ந்ததற்கு வருந்தி, பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைத்தல் நம் கடன்.

மூட்டைப்பூச்சிக்கும் இது பொருந்தும். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லர் 1948 இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அம்மருந்துக்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் ஹவாய்த் தீவில் காணப்பட்டன. நஞ்சு மட்டும் தீர்வன்று. பயணம் முடிந்து வந்ததும் பெட்டியைப் பார்த்தல், படுக்கையை வாரந்தோறும் உதறிப் பார்த்தல், கட்டிலின் வெடிப்புகளை அடைத்தல், கொசுவலை கட்டுதல் ஆகியவை பூச்சி பெருகும் முன்னரே காக்கும் அஹிம்சைப் பணிகள். தானியக் கிடங்குக்குரிய நச்சு மாத்திரையைப் படுக்கையறையில் வைப்பது மனித உயிரையே பறிக்கும்.

சொல்லாற் செய்யும் ஹிம்சை

ஆசிரியப் பணியில் நாம் பன்முறை கண்ட ஒன்றையும் கூற வேண்டும். கையில் சிரங்குள்ள பிள்ளையைப் பிற பிள்ளைகள் ‘அழுக்கு’ என்று ஒதுக்குவர்; சில பெரியோரும் ஒதுக்குவர். வீட்டில் மூட்டைப்பூச்சி தென்பட்டால் வேலைக்கு வரும் பெண்மீதோ விடுதியிலிருந்து வந்த உறவினர்மீதோ பழி விழுகிறது. சிரங்கு நெருங்கிய உடற்தொடர்பால் பரவுவது. நாள்தோறும் குளிப்பவரையும் பற்றும். மூட்டைப்பூச்சி செல்வர் வீட்டுப் பெட்டியிலும் ஏறி வரும். ஆராயாமல் பூச்சியைக் கொல்வது போன்றதே ஆராயாமல் மனிதரைப் பழிப்பதும். பூச்சி கடித்த தழும்பு சில நாளில் மறையும். அப்பிள்ளையின் மனத்தழும்பு அத்துணை விரைவில் மறையாது.

ஆகவே, காலையில் தழும்பைக் கண்டால் கையை ஓங்குமுன் விளக்கை ஏற்றுவோம். பார்ப்போம், ஆராய்வோம், அறிந்தவரைக் கேட்போம். தவிர்க்கத்தக்க ஹிம்சையைத் தவிர்ப்போம், தவிர்க்கவியலாததைக் குறைப்போம், குறைத்தபின் எஞ்சியதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். இல்லறத்தில் நின்று கொல்லாமை காப்பதற்கு நாம் அறிந்த வழி இதுவே.