உடைந்த கோரைப்பல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போட்டுவிட்டுப் போன தண்ணீர் வேளச்சேரியில் வடியத் தொடங்கிய அன்று, எங்கள் மாடிப்படியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை. அதில் பேர் இல்லை, நம்பர் இல்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே சிப் படிக்கும் கருவியை ஓட்டிப் பார்த்தார். அரிசிமணி அளவுதான் அந்தச் சிப், தோலுக்கடியில் போடுவார்கள். பேட்டரி கிடையாது, நாய் எங்கே திரிகிறது என்றும் காட்டாது. 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே வளர்ப்பவரின் பேர் எங்காவது பதிவாகியிருந்தால்தான் பயன். இதற்கு எண்ணே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் படம் எடுத்து, 'பெண் நாய், சிவப்புப் பட்டை' என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாயைத் தேடி வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விக்கெல்லாம் விடையை நானே எழுதிக் கொடுத்துவிட்டது மனைவி சொல்லித்தான் உறைத்தது. நல்லவேளை, வாய் படத்தில் தெரியவில்லை. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. "அதை மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றாள்.

பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்டவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு. சட்டத்துக்கு நாயும் பொருள்தான். ஆனால் குடையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டால் குடைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நாயே ஆளை அடையாளம் காட்டிவிடாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். இது பால் பாக்கெட் போடும் பையனைப் பார்த்தே வாலை ஆட்டியது.

மூன்றாம் நாள் காரில் ஒருவர் வந்தார். "எங்களுதுதான் சார், பொண்ணு அழுதுக்கிட்டே இருக்கா." போனில் படம் காட்டினார், அச்சு அசல் இதேதான். சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். பல்லில் ஏதாவது அடையாளம் உண்டா என்று மட்டும் கேட்டேன். "இல்லையே சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கும்." உதட்டைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஏமாற்ற வந்தவர் இல்லை. அவர் நாயும் வெள்ளத்தில்தான் தொலைந்திருந்தது. திருடனைப் பிடிக்கத்தான் இந்த விசாரணை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆசை தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கவும் அது வேண்டியிருக்கிறது.

மறுநாள் ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். வேலை செய்கிற வீட்டில் படத்தைக் காட்டினார்களாம். பள்ளிக்கரணையிலிருந்து நடந்தே வந்திருந்தார். படம் இருக்கிறதா என்றேன். போன் தண்ணீரில் போய்விட்டது. தடுப்பூசி அட்டை? "வீட்டுக்குள்ளயே இடுப்பளவு தண்ணி, தம்பி." பல்?

"கொட்டாங்குச்சியைக் கடிச்சு உடைச்சுக்கிச்சு. இந்தப் பக்கம்" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எத்தனை வயசு, யார் கொடுத்தது, எவ்வளவுக்கு வாங்கியது என்று கேட்டுக்கொண்டே போனேன். காரில் வந்தவருக்கு ஒரு கேள்வி, அதுவும் காபியோடு. இவருக்கு ஆறோ ஏழோ, கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து. அத்தனை கேள்வியும் நாய்க்காகத்தான் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். பொமரேனியன் வளர்க்கிற முகம் எது என்று எனக்குள் ஒரு படம் இருந்திருக்கிறது. அந்த முகத்தோடு வந்தவரை நம்பினேன். மற்றவரிடம் ரசீது கேட்டேன். வெள்ளம் யாருடைய காகிதங்களை முதலில் கொண்டுபோகும் என்று யோசிக்கக்கூட இல்லை.

அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கம்பி வழியாக நாயைப் பார்த்தபடி கேட்டார்: "நாலு நாளா இதுக்கு என்ன போட்டீங்க தம்பி?"

"பால்சோறு."

"பாலா? ஐயோ, அதுக்குப் பால் ஆகாதே. வயித்தால போயிக்கிட்டே இருந்திருக்குமே."

இரண்டு நாளாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. வெள்ளத் தண்ணீரைக் குடித்திருக்கும் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். கேட்டின் தாழ்ப்பாளை நான் அப்போதுதான் எடுத்தேன்.