பொதுநீரும் தனியறமும்

மனிதன் செய்யும் தீமைகள் இரு வகைப்படும். கண்ணெதிரே நிற்பவனுக்குச் செய்யும் தீமை ஒன்று. கண்ணுக்கு ஒருநாளும் தென்படாதவனுக்குச் செய்யும் தீமை மற்றொன்று. முன்னதைத் தடுக்கச் சட்டம் உண்டு. அதற்கும் முன்பாக நாணம் உண்டு. பின்னதைத் தடுக்க என்ன இருக்கிறது? நம் காலத்தின் பெரும் அறச்சிக்கல் இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவன் என் பள்ளி மாணவன் ஒருவன். பெட்ரோலில் ஈயம் கலந்த வரலாற்றை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்த அச்சிறுவன் எழுந்து, “ஐயா, அவர்கள் தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா?” என்றான். அன்று அவனுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவனுக்கு நான் பட்ட கடன்.

வடிகாலின் வழி

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்தபோது, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தேன். தந்தையார் விட்டுச்சென்ற பழைய ஸ்கூட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் கார்புரேட்டரை மாதந்தோறும் பெட்ரோல் விட்டுக் கழுவுவேன். கழுவிய அழுக்குப் பெட்ரோலை வீட்டுப் பின்புற வடிகாலில், பேச்சுவழக்கில் நாம் ‘லோங்காங்’ என்போமே, அதில் ஊற்றிவிடுவேன். அது எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ‘போய்விட்டது’ என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அது எங்கே போயிற்று? தேக்காவின் தெருக்களில் விழும் மழைநீர் ரோச்சோர் கால்வாயை அடைகிறது. அங்கிருந்து காலாங் வடிநிலம் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. அந்த வட்டாரத்தின் வரலாறே நீரின் வரலாறுதான். நீரும் புல்லும் மிகுந்த தாழ்நிலமாக இருந்ததால்தான் அங்கே மாட்டுத்தொழில் செழித்தது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும் அதனால் வந்தது. பின்னர் அந்நீரோட்டங்கள் கழிவு சுமந்து கறுத்தன. 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில், அன்றைய பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என அறைகூவல் விடுத்தார். 1987இல் அப்பணி நிறைவெய்தியது. 2008இல் மரினா அணை திறக்கப்பட்டது. கடல்நீர் விலக்கப்பட்டு, 2010இல் மரினா நீர்த்தேக்கம் நன்னீர்த் தேக்கமாயிற்று. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 10,000 ஹெக்டர். அதாவது நம் தீவின் ஆறில் ஒரு பங்கு. தேக்கா அதனுள் அடங்கும்.

ஆக, நான் அழுக்கை ஊற்றிய வடிகால் இன்று குடிநீரின் தொடக்கம். என் மாணவனின் குவளைக்கும் அந்தச் சந்துக்கும் இடையே ஒரு நீர்வழி இருக்கிறது.

‘அன்று அது குடிநீர் அல்லவே! நீ ஊற்றியது கடலுக்குத்தானே போயிற்று!’ என்று யாரேனும் எனக்காக வாதாடலாம். உண்மைதான். ஆனால் அது என் நற்பேறே தவிர, என் நல்லொழுக்கம் அன்று. அது யார் குவளையில் போய்ச் சேரும் என அறியாமலே ஊற்றினேன். விளைவு தப்பியது, குற்றம் தப்பவில்லை.

ஈயம் தந்த பாடம்

தனிமனிதன் ஒருவன் ஒரு குவளை பெட்ரோலில் செய்ததை ஓர் உலகமே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், எஞ்சினில் எழும் தட்டொலியை ஈயக் கலவை அடக்கும் எனக் கண்டறிந்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே பழைய செய்தி. மிட்ஜ்லியே 1923இல் ஈய நஞ்சினால் நோயுற்று ஓய்வெடுத்தார். 1924இல் நியூஜெர்சியில் அக்கலவையைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அதன் பிறகும் அவர் செய்தியாளர் முன்னிலையில் அக்கலவையைக் கைகளில் ஊற்றிக் காட்டி, தீங்கில்லை என்று சொன்னார்.

அந்த ஈயம் புகையாகி வீதிகளில் படிந்தது, மண்ணில் இறங்கியது. குழந்தைகளின் வளரும் மூளையை அது தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்பது இன்றைய மருத்துவ முடிவு. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் எனக்கு இச்செய்தியை அமைதியாகப் படிக்க இயலவில்லை.

சிங்கப்பூர் 1980களில் பெட்ரோலில் ஈயத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1987இல் லிட்டருக்கு 0.15 கிராமாக்கியது. அடுத்து, வரிவேறுபாட்டின் மூலம் ஈயமற்ற பெட்ரோலை மலிவாக்கியது. 1998இல் ஈயப் பெட்ரோல் அறவே நீங்கியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதைக் கைவிட்டது.

மருந்தே நோயானது

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிதாக இருக்கும். ஆனால், ஈயத்தை நீக்கிய இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1979 முதல் எம்டிபிஇ எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தனர். எரிபொருள் நன்கு எரிந்தது; காற்றும் தூய்மையடைந்தது. செய்தவர்களின் நோக்கத்தில் குறை காண இயலாது.

ஆனால் அப்பொருள் நீரில் எளிதில் கரையும். நிலத்தடியில் எளிதில் சிதையாது. பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகள் கசிந்தபோது அது கிணறுகளைச் சென்றடைந்தது. 1996இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிக்கா நகரம் தன் கிணறுகளை மூடிக் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. நூறு கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்தாலே டர்பன்டைன் போன்ற நாற்றமும் சுவையும் தோன்றும் என்றால், அந்நீரை யார் அருந்துவர்? 1999 மார்ச்சில் கலிபோர்னிய ஆளுநர் கிரே டேவிஸ் அப்பொருளைப் படிப்படியாக விலக்க ஆணையிட்டார். பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

இங்கே கருதத்தக்க ஒன்று உண்டு. அப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் தருமென்று அன்று மெய்ப்பிக்கப்படவில்லை. பெருமளவில் கொடுத்த விலங்குகளிடத்தில்தான் அறிகுறி தெரிந்தது. அப்படியிருக்க, ஐயத்தின் பேரில் தடை விதிப்பது அறமாகுமா?

ஊருணியின் நீதி

தடையை எதிர்ப்போரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். தடையால் விலை ஏறும். அச்சுமை முதலில் ஏழையின் தோளில் விழும். பழைய வண்டி வைத்திருப்பவன் என்ன செய்வான்? ஒன்றை விலக்கி வைக்கும் மற்றொன்று அதனினும் கொடியதாகாது என்பதற்கு என்ன உறுதி? எம்டிபிஇயின் வரலாறே அவர்களுக்குச் சான்று. இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

இருப்பினும், தென்பாண்டிச் சீமையின் ஊருணிகளை எண்ணிப் பாருங்கள். குடிப்பதற்கென ஒதுக்கிய ஊருணியில் குளிக்கவோ துணி துவைக்கவோ ஊரார் விடமாட்டார்கள். ‘நான் கால் நனைத்தால் யார் சாவார்? மெய்ப்பித்துக் காட்டுங்கள்’ என ஒருவன் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? ‘இது பலர் குடிக்கும் நீர். தீங்கில்லை என மெய்ப்பிப்பது உன் கடன்; தீங்கு வந்தபின் மெய்ப்பிப்பது எங்கள் விதியன்று’ என்றே சொல்லும். அந்த ஊரார் வேதியியல் படித்தவரல்லர். எனினும் மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பதில் அவர்களுக்கு மயக்கமில்லை.

அதற்கு அடிப்படையான நியாயம் எளியது. தன் இன்பத்துக்காகத் தானே இடர் ஏற்பவனைத் தடுக்க நமக்கு உரிமை குறைவு. பயன் ஒருவனுக்கும் இடர் மற்றொருவனுக்கும் ஆகும்போதோ நிலைமை வேறு. அந்த மற்றொருவனிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. அவன் இன்னும் பிறக்காதவனாகவும் இருக்கலாம். மேலும், விலையேற்றத்தை நாளை திருத்தலாம். நிலத்தடியில் ஊறிய நஞ்சையும் மழுங்கிய மூளையையும் திருத்துவது எளிதன்று. திருத்தக்கூடிய இழப்புக்கும் திருத்தவியலாத இழப்புக்கும் இடையே ஐயம் எழுந்தால், முன்னதை ஏற்பதே அறம்.

ஆயினும் தடை இரக்கத்தோடு வர வேண்டும். ஈயத்தை நீக்க நம் நாடு எடுத்துக்கொண்ட ஆண்டுகளும், வரியில் காட்டிய சலுகையும் அத்தகைய இரக்கத்தின் வடிவங்கள் எனலாம். மாற்றுப் பொருளையும் அதே கண்டிப்போடு ஆராய வேண்டும். ஒரு தீமையை ஒழித்த பெருமிதம் மறு தீமைக்குக் கண்ணை மறைத்துவிடக் கூடாது.

மாணவனுக்கு விடை

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். அறத்தைப் பேசுமுன் மழையைப் பேசினார். இன்று நம் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கு நாம் நடக்கும் வீதியே ஊருணியின் கரை. வண்டி ஒழுகவிடும் எண்ணெயும், கடைக்காரர் கொட்டும் கழிவும், நான் அன்று ஊற்றிய பெட்ரோலும் கரையில் நின்று நாம் செய்யும் செயல்களே. சட்டம் பெரிய ஆலைகளைக் காவல் காக்கலாம். ஒவ்வொரு பின்சந்துக்கும் காவலரை நிறுத்த இயலாது. அங்கே காவல் நிற்க வேண்டியது மனச்சான்று.

இனி அந்த மாணவனுக்கு விடை கூறுவேன்: தம்பி, தெரிந்து செய்தவர் சிலர், தெரியாமல் செய்தவர் பலர். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் கேட்க விரும்பாதவர் அவர். உலகின் தீமைகளில் பெரும்பகுதி அவரால் நிகழ்கிறது. உன் ஆசிரியனும் ஒரு காலத்தில் அவருள் ஒருவனாக இருந்தான். நீ அப்படி இராதே. எதையும் கீழே ஊற்றுமுன் ‘இது எங்கே போகிறது?’ என்று கேள். நீ கேட்ட வினாவை விட்டுவிடாதே. என்னைவிட நல்ல விடை உனக்குக் கிடைக்கும்.