பிறந்தநாள் யாருக்குச் சொந்தம்?

ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்தின் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள், பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பெரியவர்கள் மட்டும் தறியோடு ஊரில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரு சனி, ஞாயிறில் கூடி, தாத்தாவுக்கும் பேத்திக்கும் பெரியப்பாவுக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லீவு கிடைக்காத காலத்தில் இது ஒரு வசதியான ஏற்பாடு என்றுதான் பலரும் சொல்வார்கள். அவரவர் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்வதுதான் முறை, இது வெறும் விருந்து என்று சொல்பவர்களும் உண்டு. நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். பிறப்பைப் பற்றி நம் சமய மரபு சொல்லிவரும் உண்மைக்கு, தனித்தனியாகக் கேக் வெட்டுவதைவிட இந்தக் கூட்டுக் கொண்டாட்டமே நெருக்கமானது.

அதற்கான சான்றை ஆரணியிலேயே காணலாம். கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதன் பிள்ளைவரம் வேண்டி யாகம் செய்த இடம் இதுவே என்பது தலபுராணம். குழந்தை இல்லாதவர்கள் இன்றும் இங்கு வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அந்த யாகக் கதையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வேண்டுதல் ஒன்று, வேள்வி ஒன்று, கிடைத்த பாயசப் பாத்திரமும் ஒன்று. அதை மூன்று தாய்மார் பங்கிட்டு உண்ண, நான்கு பிள்ளைகள் பிறக்கிறார்கள். வால்மீகி ராமனுக்குப் புனர்பூசம், பரதனுக்குப் பூசம், லட்சுமணனுக்கும் சத்ருக்கனனுக்கும் ஆயில்யம் என்று நட்சத்திரங்களைத் தனித்தனியாகத்தான் சொல்கிறார். நாட்கள் வேறானாலும் பிறப்பின் காரணம் ஒன்றே. யாரும் தன்னைத் தானே வேண்டிப் பெற்றுக்கொள்வதில்லை. நாம் பிறப்பதற்கு முன்பே வேறு யாரோ நமக்காக விரதம் இருந்திருக்கிறார்கள், நோய்க்கும் பசிக்கும் தப்பி வாழ்ந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பிறந்தநாளை ஒருவருடைய தனிச்சொத்து போல நடத்துவது எப்படிச் சரியாகும்? தறிக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு முடியும் தறுவாயில் அச்சிலும் விழுதிலும் நிற்கும் பழைய இழைகளை உருவிப் போட்டுவிடுவதில்லை. அவற்றின் நுனியோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு பிள்ளை வருவதும் அப்படித்தான்.

இதற்கு வலுவான மறுப்பும் இதே மாவட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆரணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷிக்கு 1912-இல் அன்பர்கள் முதன்முறையாக ஜயந்தி கொண்டாட முனைந்தார்கள். அவர் அதை விரும்பாமல் இரண்டு செய்யுட்கள் எழுதினார். பிறந்தநாள் கொண்டாடுகிறவர் முதலில் தான் எங்கிருந்து பிறந்தோம் என்று விசாரிக்கட்டும். இந்தச் சம்சாரத்துக்குள் வந்து விழுந்ததற்காக அன்றாவது வருந்துவதே தகும். அதைக் கொண்டாடுவது பிணத்துக்கு அலங்காரம் செய்து மகிழ்வதற்கு ஒப்பு என்பது அவற்றின் சாரம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிறவி வேண்டாம் என்று கேட்டவர் காரைக்காலம்மையார்; பிறப்பறுப்பதையே பேறாகக் கருதியது சைவம். என்றாலும் மகரிஷியின் கேள்வி எதைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும். ‘நான் பிறந்தேன்’ என்று மார்தட்டும் அந்த ‘நான்’ யார் என்பதே அவர் கேள்வி. தன்னைப் பெற்றவளுக்குப் பட்ட கடனை அவர் மறுக்கவில்லை. வீட்டைத் துறந்து வந்தவரிடம் 1916-இல் தாயார் வந்து சேர்ந்தார், 1922-இல் மறைந்தார். அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமமே வளர்ந்தது. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949-இல், மகரிஷி உயிரோடு இருக்கையிலேயே, குடமுழுக்கு நடந்தது. மார்கழிப் புனர்பூசத்தில் அவருடைய ஜயந்தியும் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. பலர் சேர்ந்து கொண்டாடும் நாளில் ‘என் நாள்’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் இடமில்லை. பிறவியை ஒரேயடியாக விட்டொழிக்க முடியாத நம்மைப் போன்ற இல்லறத்தார் அந்த உபதேசத்துக்கு இந்த அளவுக்காவது செவிசாய்க்கலாம்.

நாள் மாற்றம் ஒரு குற்றமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நட்சத்திரம் வேறு, தேதி வேறு. இரண்டும் ஒரே நாளில் சேர்வது அரிது. பிறப்பைப் பதிவு செய்வதை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டமே 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த எத்தனையோ பேருக்குப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதியதே பிறந்த தேதி. பள்ளி வாசலையே மிதிக்காத பாட்டிகளுக்கு அதுவும் கிடையாது. தேதி தெரியாது என்பதற்காக ஆசீர்வாதம் இல்லை என்று சொல்வோமா? பிறந்தநாள் விழாவைத் தமிழில் முதலில் இலக்கணப்படுத்திய தொல்காப்பியம், புறத்திணையியலில், அதை அரசனுக்கு உரியதாகப் பாடாண் திணையில் வைக்கிறது. அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அரசனின் சிறப்பு அல்ல. செற்றத்தை, அதாவது பகையை, விட்டுவிட்டுக் கொண்டாட வேண்டிய நாள் என்ற நிபந்தனைதான். அன்று சிறைப்பட்டவர்களை விடுவிப்பதும் வழக்கம் என்கிறார்கள் உரையாசிரியர்கள். பிறந்தவனைவிட மற்றவர்களுக்கே அன்று நன்மை. வீட்டு மனைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நட்சத்திரத்துக்கும் குறைந்ததல்ல.

கூட்டத்தில் தனி ஆள் காணாமல் போய்விடுவார் என்ற அச்சமும் உண்டு. கூட்டுக்குடும்பம் பலரை, அதிலும் பெண்களை, விழுங்கியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தனிக் கொண்டாட்டம் அவர்களைக் காப்பாற்றிவிட்டதா? ராமநவமி ஊரெங்கும் நடக்கிறது. பரதனின் பூசத்தை நினைப்பவர் எத்தனை பேர்? வீடுகளிலும் பலூன் கட்டுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்கும் சம்பாதிக்கிற மகனுக்கும்தான். திருக்குறள் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என ஐவரைச் சொல்கிறது. தான் கடைசியில் நிற்கிறது, விட்டுப்போகவில்லை. அதுபோலக் கூட்டு விழாவிலும் ஒவ்வொருவரையும் பெயரும் நட்சத்திரமும் சொல்லி மணையில் உட்காரவைத்து, தலையில் அட்சதை போட வேண்டும். மொத்தமாக ஒரு வாழ்த்து சொல்லி முடிப்பதை நானும் ஏற்கமாட்டேன்.

செலவையும் பேசியாக வேண்டும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கலாம். ஆனால் நெய்கிறவருக்குக் கூலி சேலைக் கணக்கில்தான். தறி நின்ற நாளுக்கு வருமானம் இல்லை. அவர் கடன் வாங்கி மண்டபம் பிடிப்பது, வந்தவர்களிடம் மொய் எதிர்பார்ப்பது இரண்டுமே விழாவின் பொருளைக் கெடுத்துவிடும். வீட்டுத் திண்ணையும் தெருப் பந்தலும் போதும். வெளியூரில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அரிசி, மளிகைச் செலவை ஏற்கட்டும். அதைவிடப் பெரிய சோதனை அடுப்பங்கரையில் இருக்கிறது. இருபது முப்பது பேருக்கு மூன்று வேளையும் மருமகள்களே சமைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் பிறந்ததை அந்த வீடு கொண்டாடியதாகாது. சமையலுக்கு ஆள் வைக்கலாம். முடியாத வீட்டில் ஆண்கள் கரண்டி பிடிக்கலாம். மருமகள் பிறந்தது இந்த வீட்டில் அல்ல. அவளை வேண்டிப் பெற்ற தாய் தகப்பன் வேறொரு தெருவிலோ, தேவிகாபுரத்திலோ, காஞ்சிபுரத்திலோ இருக்கிறார்கள். அவர்களுக்கும் முறையாகத் தாம்பூலம் வைத்து அழைப்பு போக வேண்டும்; அவள் தலையில் முதல் அட்சதையை அவர்கள் போடட்டும்.