தீர்ப்பு எவருடையது?

2017ஆம் ஆண்டு கோவா பன்னாட்டுத் திரைப்பட விழாவிற்குப் பதின்மூவர் நடுவர் குழு தேர்ந்த படங்களில், மலையாள ‘எஸ் துர்கா’வையும் மராத்தி ‘நியூட்’டையும் ஒன்றிய அமைச்சகம் நீக்கிற்று. நடுவரைக் கேட்கவுமில்லை! குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி துறந்தார். வேறு சிலரும் விலகினர், பலர் விலகவில்லை.

“அரசின் விழா, அரசின் உரிமை” என்பர் சிலர். செலவழிந்தது எவர் பணம்? மக்கள் வரிப்பணம்! தீர்ப்பை அமைச்சகமே எழுதுமெனில் நடுவர் எதற்கு? மேடை அலங்காரத்திற்கா? மாற்றப்பட்ட தீர்ப்பின்கீழ் அமர்ந்திருப்பவர், அம்மாற்றத்திற்கும் கையொப்பமிட்டவரே.

கோவா தொலைவில் இருக்கிறது என எண்ணவேண்டா. இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ நாளை நம் இளைஞர் குறும்பட விழா எடுத்தால், நன்கொடை தந்த ஆலை முதலாளி, தொழிலாளர் துயர் காட்டும் படத்தைச் சுட்டி, “இது வேண்டாம்” எனலாம். பணம் வாங்குமுன்னரே, தேர்வில் தலையிடேன் என எழுதி வாங்கிவிடுங்கள், தோழர்களே!