நாளை என்னும் கூலி

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வாதம் நடந்து வந்தது. அந்தப் பெட்டியை வீட்டுக்குள் வைக்கலாமா, கூடாதா என்பதே வாதம். திரையில் வருவது பார்க்கத் தக்கதா, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்குமா, பெரியவர்களோடு அமர்ந்து பார்க்க இயலுமா என்றெல்லாம் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், வீட்டுக்கு வரும் பொருள் எவ்வழியில் வந்தது என்று விசாரிக்கும் வழக்கமுடைய நாம், திரையில் வரும் காட்சி யாருடைய உழைப்பில் வந்தது, அந்த உழைப்புக்கு உரியது கொடுக்கப்பட்டதா என்று கேட்டதில்லை.

பிரிட்டனின் தொலைக்காட்சித் துறையில் ‘ரன்னர்’ என்றொரு வேலை உண்டு. ஓடுபவர் என்பது சொல்லின் பொருள். அத்துறையின் கடைசிப் படி அது. காந்த நாடாவில் நிகழ்ச்சிகள் பதிவான நாள்களில், இலண்டனின் ஸோஹோத் தெருக்களில் ஒரு படத்தொகுப்புக் கூடத்திலிருந்து மற்றொன்றுக்கு நாடாக்களைச் சுமந்து சென்றவர்கள் இவர்கள். நாடாக்கள் போய்க் கணினிக் கோப்புகள் வந்துவிட்டன. ஓட்டம் நிற்கவில்லை.

ஒரு தொடரின் வெளிப்புறப் படப்பிடிப்பை எண்ணிப் பாருங்கள். முந்திய மாலையே எல்லோருக்கும் ‘கால்ஷீட்’ போய்ச் சேரும். நம் திரையுலகில் கால்ஷீட் என்றால் நடிகர் ஒதுக்கித் தரும் நாள்; அங்கே அது, யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று குறிக்கும் தாள். அத்தாளில் உள்ள நேரங்களில் மிக முந்தியவற்றுள் ஒன்று ரன்னருடையதாக இருக்கும். பிறர் வருமுன் வந்து, பிறர் போனபின் போகிறவர் அவர். யாருக்குத் தேநீரில் சீனி வேண்டும், யாருக்குப் பால் ஆகாது என்பது அவருக்கு மனப்பாடம். திருத்திய வசனத்தாள்களை நகலெடுத்துக் கொடுப்பார். சில்லறைச் செலவுக்கு இரசீது சேர்ப்பார்.

இவற்றையெல்லாம் விட நம் கருத்தைக் கவர்வது மற்றொரு பணி. தெருவில் படம் பிடிக்கும்போது, யாரும் காட்சிக்குள் நுழைந்துவிடாதபடி தெருமுனையில் அவரை நிறுத்துவார்கள். வழிப்போக்கரைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இன்முகம் ஒன்றே கருவி. “இரண்டு நிமிடம் பொறுங்கள்” என்று மழையில் நின்று வேண்டுவார். ஒருவர் சினந்து நடந்துவிட்டால் காட்சி கெடும், ஏச்சு ரன்னருக்கு. படப்பிடிப்பு நடப்பதோ முனைக்கு அப்பால். காதில் மாட்டிய கருவியில் ‘ஓடுகிறது’, ‘நிறுத்து’ என்னும் குரல்கள் கேட்கும். தொலைக்காட்சியில் பணிபுரிய வந்தவர் அன்று முழுதும் கண்டது ஒரு சுவரை.

தேநீர் சுமப்பதில் இழிவில்லை. தாகித்தவருக்கு நீர் கொடுப்பதைப் பேறாகக் கருதும் மரபில் வந்த நாம் அதை இழிவென்று சொல்ல மாட்டோம். குறை வேறிடத்தில் இருக்கிறது. “உன் கூலி இன்று இல்லை, நாளை நீயும் இயக்குநராவாய்” என்று சொல்லப்படுகிறதே, அங்கே இருக்கிறது. பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1999 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பின்னும் ‘பணி அனுபவம்’ என்ற பெயரில், வழிச்செலவும் பகலுணவும் மட்டும் கொடுத்து இளைஞர்களை வேலை வாங்கியோர் உண்டு. திரைப்படம் ஒன்றில் கலைப்பிரிவு உதவியாளராகச் செலவுத் தொகைக்கு மட்டும் உழைத்த ஒருவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உரியதே என்று 2009-இல் ரெடிங் நகரத் தொழில் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2019-இல் ஹாலிவுட்டின் உதவியாளர்களும் தாங்கள் வாங்கும் சம்பளத்தை வெளியே சொல்லத் துணிந்தனர்.

“அவர் விரும்பித்தானே வந்தார்?” என்பது வேலை கொடுப்போரின் வாதம். வலுவான வாதம்தான். யாரும் யாரையும் கட்டி இழுத்து வரவில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்க இன்னும் பலர் வரிசையில் இருக்கின்றனர். ஆனால், ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசல் வழியே வந்தவரைப் பார்த்து, ‘இவர் இந்த வாசலைத் தேர்ந்தெடுத்தார்’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

இருவர் ஒரே நாளில் இவ்வேலைக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கு இலண்டனிலேயே தந்தையின் வீடு இருக்கிறது. மற்றவர் பிராட்ஃபோர்டில் வாடகைக் கார் ஓட்டுபவரின் மகன். ஆறு மாதம் சென்றதும் முதலாமவர் நீடிக்கிறார்; இரண்டாமவர் அறை வாடகை கொடுக்க முடியாமல் ஊர் திரும்புகிறார். அவரை யாரும் விலக்கவில்லை. பத்தாண்டு கழித்து முதலாமவர் ஒரு தொடரை இயக்கும்போது, பிராட்ஃபோர்டின் அடுக்களையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவருக்கு எவ்வாறு தெரியும்? நம்மைப் போன்றோர் திரையில் கொடியவராகவோ கோமாளியாகவோ மட்டுமே வருவதாகக் குறைப்படுகிறோம். அக்குறையின் ஒரு வேர் அந்த மழைத் தெருவின் முனையில் இருக்கிறது.

தொழில் கற்பவன் கொஞ்சம் பொறுக்கத்தானே வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். உண்மையே. நம் ஊர்த் தையற்கடையில் காஜா எடுக்கும் பையனுக்கும் தொடக்கத்தில் கூலி சொற்பம்தான். ஆயினும் அவன் மாஸ்டரின் மேசைக்கு எதிரில் அமர்ந்திருக்கிறான்; துணி வெட்டுவதை அவன் கண் பார்க்கிறது. கத்தரிக்கோல் தன் கைக்கு வரும் நாளை அவன் எண்ணிக்கொண்டிருக்கலாம். தெருமுனையில் நிறுத்தப்பட்டவர் எதைப் பார்த்துக் கற்பார்? காஜாவிலேயே கண் மங்கியவர்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

வேலை வாங்குவோரில் பலர் தாமும் ஒரு காலத்தில் தேநீர் சுமந்தவர்களே. “நானும் இப்படித்தான் வந்தேன்” என்கிறார்கள். பட்ட துன்பம் பிறருக்குத் துன்பம் தரும் உரிமைச் சீட்டாகிவிடுகிறது. இதைக் கேட்டு நாம் இலண்டனை மட்டும் நோக்கிக் கை நீட்ட வேண்டாம். நம் கடைகளிலும் உறவுப் பையனை ஊரிலிருந்து அழைத்து வந்து, தொழில் பழகுகிறான் என்று சொல்லி, சோறும் படுக்க இடமும் மட்டும் கொடுப்போர் இருக்கிறார்கள். பெருநாளுக்கு ஊர் புறப்படும்போது ஒரு சட்டைத் துணியும் பஸ் செலவும் அவன் கையில் வைக்கிறோம். எத்தனை மாதக் கணக்கு இது என்று அவனுடைய வாப்பா கேட்பதில்லை.