பார்க்கிறவரும் பதுங்கிப் பார்க்கிறவனும்



போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சகோதரி வந்தார்கள். அவர்களுடைய மகன் பத்தாவது படிக்கிறான். "பிரதர், பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு போன்லயே காட்டுற ஆப் இருக்காமே. எதைப் போடலாம்? நீங்க போட்டிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் காரியத்தில் நான் விழுந்து எழுந்தவன். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய பக்கத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களின் பயம் வெறும் பயமல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நேரம் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினதை நாம் மறக்க முடியுமா? அன்று என் மகள் அங்கே தன் அத்தை வீட்டில் இருந்தாள். "எங்கம்மா இருக்கே?" என்று போனில் கத்துகிறேன், அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கடைசியில் அவளே வாட்ஸ்அப்பில் இருக்கிற இடத்தை அனுப்பினாள். பைக்கை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தேன். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் இந்த எண்ணம் எனக்குள் புகுந்தது.

நல்ல எண்ணம்தான். செய்த விதம்தான் பாவம்.

மகளுக்கு அப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மொபைல் கடைக்காரரிடம் அவள் போனைக் கொடுத்தேன். அவர் போனில் இருந்த பிளே புரொடெக்ட் என்கிற பாதுகாப்பை முதலில் அணைத்தார். பிறகு வெளியிலிருந்து ஒரு ஆப்பை இறக்கினார். "ஐகானே தெரியாது சார், பாப்பாவுக்கு டவுட்டே வராது" என்றார். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு அந்நியனை வீட்டுக்குள் விடுகிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இப்படி ஒளிந்து வேவு பார்க்கிற ஆப்களைக் கூகுள் தன் பிளே ஸ்டோரில் 2020 அக்டோபரிலிருந்தே அனுமதிப்பதில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் அந்த நீலப் புள்ளியைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஜெபத்தில் முழங்கால் போட்டாலும் கை போனுக்குப் போகும். ஒரு சாயங்காலம் அவள் காலடிப்பேட்டையில் டியூஷனில் இருக்க வேண்டிய நேரம். புள்ளி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாட்ஜின் மேல் நின்றது. தகப்பன்மார்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நேரே அந்த லாட்ஜுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த மனிதனிடம் என் மகளுடைய போட்டோவைக் காட்டினேன். "இந்தப் பொண்ணு இங்க வந்துதா?" என்று கேட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அவள் டியூஷனில்தான் இருந்தாள். மூன்றாவது பெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டடத்துக்குள் இருக்கும்போது போன் பக்கத்து வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது, சில சமயம் ஒரு தெரு, இரண்டு தெரு கூடத் தள்ளிக் காட்டும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் அதை வானத்திலிருந்து வந்த சத்தியம் என்று நம்பினேன்.

இரண்டு நாளில் தெருவே பேசியது. "உங்கப்பா உன்ன லாட்ஜ்ல தேடினாராமே" என்று கூடப் படிக்கிற ஒருத்தி கேட்டிருக்கிறாள். என் மகள் டியூஷனை நிறுத்தினாள். வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிறவள், ஒரு மாதம் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எந்தக் கேட்டிலிருந்து அவளைக் காக்க நினைத்தேனோ, அந்தக் கெட்ட பெயரை என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: "நானும் உங்கள ஒரு நாள் பாத்தேன் டாடி. பழைய வண்ணாரப்பேட்டை அடகுக் கடையில. அம்மா வளையலு. நான் அம்மாகிட்ட சொன்னேனா? உங்கள வந்து கேட்டேனா?"

நான் வாயடைத்துப் போனேன். பீஸ் கட்ட வழியில்லாமல் மனைவிக்குத் தெரியாமல் அந்த வளையலை வைத்தது உண்மை. மீட்டுவிடலாம், மீட்டுவிடலாம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. அது ஒளிவுதான், ஆனால் அந்த நிலையில் என்னை யாராவது புள்ளியாக்கிப் பார்த்திருந்தால் என்னத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள்? நோவாவின் இரண்டு குமாரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தகப்பன் மேல் வஸ்திரத்தைப் போட்டார்களே, அதை என் பிள்ளை செய்திருக்கிறாள். நானோ அவளுடைய போட்டோவை லாட்ஜ்காரனிடம் நீட்டினேன். அன்று ராத்திரியே மனைவியிடம் வளையல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அது தனிக் கதை.

இப்போது நம் சபையிலேயே சிலர் சொல்லுகிற ஒரு நியாயத்துக்கு வருகிறேன். "தேவன் எல்லாவற்றையும் பார்க்கிறாரே, தகப்பன் பார்த்தால் என்ன தப்பு?" நானும் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஏதேனில் ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்தபோது, அவன் எங்கே இருக்கிறான் என்று தேவன் அவனிடமே கேட்டார். வனாந்தரத்துக்கு ஓடின ஆகாரிடம், எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று அவளிடமே விசாரிக்கப்பட்டது. தெரியாமலா கேட்டார்? எல்லாம் தெரிந்தவர் கேட்டார். ஒன்றும் தெரியாத நான் கேட்காமல் பார்த்தேன். ஆகாருக்கு அந்தப் பார்வை ஆறுதலாக இருந்ததற்குக் காரணம், பார்த்தவர் பதுங்கியிருக்கவில்லை. அவள் பேச இடம் இருந்தது.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிற நம் சகோதரர் ஒருவரிடம் இதைப் பேசினேன். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிற திட்டத்தைத் தொடங்கிற்று. படகு இருக்கிற இடத்தைக் கரைக்குச் சொல்லும், ஆபத்தில் செய்தி அனுப்பும், கரையிலிருந்தும் செய்தி வரும். அவர் சொன்னார்: "புயல்னா நல்லதுதான் பிரதர். ஆனா மீன் எங்க பட்டதுன்னும் காட்டிடுமேன்னு ஆளுங்க யோசிக்கிறாங்க. எப்படியோ, பெட்டி எங்க இருக்குதுன்னு படகுல இருக்கிற அத்தன பேருக்கும் தெரியும். அவனே கூப்பிடவும் செய்யலாம்." அதுதான் எனக்குத் தேவைப்பட்ட வித்தியாசம். பெட்டி வெளியே தெரிகிறது, வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

அதோடு, திரையில் தெரிவது மட்டும் போதாது என்பதற்கு நம் கடலே சாட்சி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்கிற இரண்டு கப்பல்கள் மோதினவே. அவ்வளவு பெரிய கப்பல்களில் ஒன்றையொன்று திரையில் காட்டுகிற கருவிகள் கட்டாயம் உண்டு. இருந்தும் மோதின. பிறகு எர்ணாவூர் கரையில் நம் ஜனங்கள்தான் வாளி வாளியாய் எண்ணெயை அள்ளினார்கள்.

சரி, அந்தச் சகோதரிக்குச் சொன்னதைச் சொல்லுகிறேன். ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போன் கொடுத்தால் அளவு வைக்கத்தான் வேண்டும். ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம். போன் இருக்கிற இடத்தைக் காட்டும், எந்த ஆப்பை இறக்கலாம், எத்தனை மணிக்குப் போன் தூங்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். பிள்ளையின் மெசேஜ்களைப் படிக்க விடாது. முக்கியமாக, அது ஒளிந்திருக்காது, பிள்ளைக்குத் தெரியும். ஐபோனில் ஸ்கிரீன் டைம் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பின் லைவ் லொகேஷனே போதும். பதினைந்து நிமிஷம், ஒரு மணி, எட்டு மணி என்று அனுப்புகிறவரே நேரம் குறிக்கலாம், நடுவில் நிறுத்தவும் செய்யலாம். ஐகான் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு எழுந்து வாருங்கள்.

இன்னொன்று, பார்ப்பது நாம் மட்டும்தானா என்றும் கேளுங்கள். குடும்பங்கள் பயன்படுத்துகிற லைஃப்360 என்கிற பெயர்பெற்ற ஆப், ஜனங்கள் போகிற வருகிற இடங்களின் விவரத்தைத் தரவு வியாபாரிகளுக்கு விற்றுவந்ததாக 2021 டிசம்பரில் செய்தி வெளிவந்தது. அடுத்த மாதமே, துல்லியமான இடத்தை விற்பதை நிறுத்துகிறோம் என்றார்கள். அதே 2021-ல் ஸ்பைஃபோன் என்கிற வேவு ஆப் கம்பெனியை அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தத் தொழிலிலிருந்தே தடை செய்தது. ரகசியமாய்ச் சேர்த்ததைப் பத்திரமாய்க்கூட அவர்கள் வைக்கவில்லை. நம் தேசத்திலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் கம்பெனிகள் பின்தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்கிறது அந்தச் சட்டம், சில விலக்குகள் உண்டு. ஆனால் வீட்டுக்குள் ஒருவர் தன் சொந்தக் காரியத்துக்காகச் செய்வதை அது தொடுவதில்லை. அங்கே நம் மனச்சாட்சி ஒன்றுதான் காவல்.

இதில் ஒரு துக்கமான காரியத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். பிள்ளைக்கென்று கேட்டு வாங்கி, மனைவியின் போனில் போடுகிற சகோதரர்கள் உண்டு. அது காவல் அல்ல. அதைக் குடும்பத் தலைமை என்று யாரும் எனக்கு விளக்க வரவேண்டாம்.

என் வீட்டில் அந்த ஒளிந்த ஆப்பை மகள் கண்முன்னேயே அழித்தேன், போனையே முழுசாகத் துடைத்து, பாதுகாப்பைத் திரும்பப் போட்டோம். பிறகு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ராத்திரி ஏழுக்கு மேல் வெளியே இருந்தால் அவள் இடத்தை அனுப்புவாள். "அப்ப நீங்களும் அனுப்பணும் டாடி" என்றாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. தகப்பனைப் பிள்ளை கணக்குக் கேட்பதா? ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தபோது, டீக்கடையில் பத்து நிமிஷம் கூடுதலாய் நின்றதற்கே சாக்குத் தேடினேன். பார்க்கப்படுகிறவனின் நிலைமை என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அவளுக்குப் பதினெட்டாகிவிட்டது, கல்லூரிக்கு மெட்ரோவில் போகிறாள். போன வாரம் ஒரு நாள் ஏழரைக்கு இடத்தை அனுப்பினாள், எட்டு மணிக்குப் புள்ளி நின்றுவிட்டது. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். பழைய பயம் வயிற்றைப் பிசைந்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றேன். மூன்று ரயில் போயிற்று. நாலாவதில் இறங்கி வந்தாள். "சார்ஜ் போயிடுச்சு டாடி. ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, இப்பத்தான் வந்தேன்" என்றேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். பையை வாங்கிக்கொண்டேன், இரண்டு பேரும் சந்நிதி தெரு பக்கமாக நடந்தே வீட்டுக்கு வந்தோம்.