குடிபோகாத வீட்டுக்குத் தவணை

ஜிங்தெஜென், பீங்கானுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்போன சீன நகரம். 2022 ஜூன் இறுதியில், அங்கே பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் வீடு வாங்கியிருந்தவர்கள் கூட்டாக ஒரு கடிதம் வெளியிட்டார்கள். கட்டுமானத்தை மீண்டும் தொடங்காவிட்டால் வங்கிக்கு இனி மாதத் தவணை கட்ட மாட்டோம் என்றது அந்தக் கடிதம். சில வாரங்களுக்குள் நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட திட்டங்களில் பணம் போட்டவர்கள் அதே முடிவை அறிவித்தார்கள். அவர்களில் பலர் வாடகை வீட்டில் இருந்துகொண்டே, குடிபோக முடியாத வீட்டுக்கும் தவணை கட்டிவந்தவர்கள்.

கடனைப் பெருக்கி வளரும் பொருளாதாரம் நிலைக்குமா என்பதைப் பொருளியலாளர்கள் பெரும்பாலும் விகிதங்களை வைத்தே விவாதிக்கிறார்கள். விகிதங்கள் வேண்டியவைதான். ஆனால் அந்தக் கடிதம் எழுப்பியது அதற்கு முந்தைய கேள்வி. ஒரு நாடு வேகமாக வளர்வதற்காக வாங்கப்படும் கடனை யார் தலையில் வைப்பது நியாயம்?

சீனாவில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம். அதன் பயன்பாட்டு உரிமையை உள்ளூர் அரசுகள் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்றன. 2021-இல் மட்டும் இப்படி வந்த பணம் 8 லட்சம் கோடி யுவானுக்கு மேல். அஸ்திவாரம் எழும்பும் நிலையிலேயே நிறுவனம் வீடுகளை விற்றது. வாங்கியவர் முன்பணம் கொடுத்து, மீதிக்கு வங்கியில் கடன் எடுத்தார். வங்கி அந்தத் தொகையை நிறுவனத்துக்குக் கொடுத்தது. சுவர் எழும்பும் முன்பே தவணை ஓடத் தொடங்கியது. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை நடக்க நடக்க மட்டுமே எடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. கண்காணிக்க வேண்டியவர்கள் உள்ளூர் அதிகாரிகள். ஆனால் நிறுவனம் அந்தப் பணத்தில் அடுத்த மனையை வாங்கினால், அந்தத் தொகை போய்ச் சேர்வதும் ஓர் உள்ளூர் அரசின் கருவூலத்துக்குத்தான். காவல் காக்க வேண்டியவருக்கே களவில் பங்கு கிடைக்கும் ஏற்பாடு இது. விதி பல இடங்களில் ஏட்டோடு நின்றதில் வியப்பில்லை.

கடன் வாங்குவதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2008 நவம்பரில், உலக நிதி நெருக்கடியைச் சமாளிக்கச் சீன அரசு 4 லட்சம் கோடி யுவான் மதிப்பிலான ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. அதில் பெரும்பகுதி கடனாகவே இறங்கியது. அந்த ஆண்டுகளில் போட்ட அதிவேக ரயில் பாதைகளில் இன்று கோடிக்கணக்கானோர் பயணிக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு உழைக்கும் ஒன்றுக்காகக் கடன் வாங்கி, அதைப் பயன்படுத்தப்போகிறவர்களும் சேர்ந்து அடைப்பதில் அறக்கேடு எதுவும் இல்லை. கடனே கூடாது என்றால், கையில் சேமிப்பு உள்ளவன் மட்டுமே தொழில் தொடங்கலாம், வீடு கட்டலாம் என்றாகிவிடும். அது ஏழையை வெளியே நிறுத்தும் அறம்.

பிறகு பெருகிய கடனில் பெரும்பகுதிக்கு இந்த நியாயம் பொருந்தாது. 2008-இல் சீனாவின் மொத்தக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. பதினைந்தே ஆண்டுகளில் அது மூன்று மடங்கை நெருங்கியது. அதே காலத்தில் வளர்ச்சி வேகம் தணிந்துகொண்டே வந்தது. அதாவது, அதே அளவு வளர்வதற்கு முன்னைவிட அதிகக் கடன் தேவைப்பட்டது. நெருக்கடி இல்லாத நல்ல காலமே துணிச்சலை வளர்த்துக் கடனின் தரத்தைக் கெடுக்கும், கடைசியில் பழைய கடனுக்குப் புதுக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி வாதிட்டார். அந்த நிலைக்கு வந்த பொருளாதாரம் நிலைக்காது.

கடன் வாங்க முடிவெடுத்தவர், அதனால் ஆதாயம் அடைந்தவர், திருப்பிக் கட்டுபவர் ஆகிய மூவரும் ஒருவராக இருக்கும்வரை கடனில் அநீதி குறைவு. எவர்கிராண்டே என்ற சீனக் கட்டுமான நிறுவனத்தில் இந்த மூவரும் எவ்வளவு தூரம் விலகிப்போனார்கள் என்று பார்க்கலாம். 2021-இல் அதன் மொத்தக் கடன் பொறுப்பு 30,000 கோடி டாலருக்கு மேல். பங்குச் சந்தைக்கு வந்த காலம் முதல் அதன் நிறுவனர் பங்காதாயமாகப் பெற்றது பல நூறு கோடி டாலர். 2019, 2020 ஆண்டுகளில் அதன் முதன்மைத் துணை நிறுவனம் வருமானத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டியதாகச் சீனப் பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் அறிவித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜனவரி இறுதியில், ஹாங்காங் நீதிமன்றம் எவர்கிராண்டேயைக் கலைக்க உத்தரவிட்டிருந்தது.

நிறுவனத்தைக் கலைத்துக் கணக்கை முடிக்கச் சட்டம் இருந்தது. வீடு வாங்கிய தனிமனிதருக்கு அப்படியொரு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. தனிநபர் திவால் விதிகள் 2021 மார்ச்சில் ஷென்ஜென் நகரில் மட்டும், சோதனை முயற்சியாக நடைமுறைக்கு வந்தன. அப்போது மற்ற ஊர்க்காரர் தவணை தவறினால் கடன் அவரை விடாது துரத்தியது.

அவர்களும் ஆசைப்பட்டுத்தானே கையெழுத்திட்டார்கள் என்று கேட்கலாம். இரண்டாவது, மூன்றாவது வீட்டை விலையேற்றத்துக்காக வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்களின் நட்டத்தை அவர்களே ஏற்பது சரி. ஆனால் வங்கி வட்டி சொற்பம், பங்குச் சந்தை நம்ப முடியாதது, வெளிநாட்டில் முதலீடு செய்யக் கடும் கட்டுப்பாடு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையே வீட்டு முகவரியைப் பொறுத்தது என்ற நிலையில், முதல் வீடு வாங்கியவரின் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எண்ண முடியாது.

அமெரிக்காவில் நடந்ததும் இதற்குக் குறைந்ததல்ல. 2008 அக்டோபரில் நிதித் துறையை மீட்க 70,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அரசுப் பணத்தால் பிழைத்த ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் 2009 மார்ச்சில், நட்டத்துக்குக் காரணமான பிரிவின் ஊழியர்களுக்கே 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்கியது. ஒப்பந்தத்தை மீற முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டுகளில் லட்சக்கணக்கான குடும்பங்கள், ஒப்பந்தத்தை மீற முடியாது என்ற அதே காரணத்தால் வீட்டை இழந்தன.

அரசின் கடன் குடும்பத்தின் கடன் போன்றதல்ல, சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் அரசு எளிதில் நொடித்துப்போகாது என்பது வலுவான மறுப்பு. ஜப்பான் அதற்குச் சான்று. அரசுக் கடன் ஆண்டு உற்பத்தியில் இரண்டு மடங்குக்கும் மேல் போயும் அந்த நாடு கவிழவில்லை. ஆனால் 1980-களின் கடன் வெள்ளம் வடிந்தபின் அங்கே என்ன நடந்தது? பெரிய நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்தன. 1990-களில் கல்லூரி முடித்து வெளியே வந்த இளைஞர்களில் பலர் தற்காலிக வேலைகளிலேயே சிக்கிக்கொண்டார்கள். இன்று நடுவயதை எட்டியும் அவர்களில் பலருக்கு அந்த இழப்பு ஈடாகவில்லை. மனைகளின் விலை ஏறியபோது அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாடு கவிழாமல் நின்றது உண்மை. அந்தச் சுமையின் ஒரு பகுதியை அவர்கள் தாங்கினார்கள் என்பதும் உண்மை.

கடனைத் திடீரென நிறுத்துவதும் தீர்வாகாது. 2020-இல் சீன அரசு கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு வரம்பு விதித்தது. நோக்கம் சரி, ஆனால் மிகத் தாமதமாக வந்தது. பணம் நின்றதும் வேலை நின்றது. அடி விழுந்தது மீண்டும் முன்பணம் கொடுத்தவர் மேல்.

ஆகவே நட்டத்தைப் பகிரும் வரிசை முன்கூட்டியே சட்டத்தில் இருக்க வேண்டும். பங்குதாரர் முதலில் இழக்கட்டும். ஆபத்துக்கென்றே கூடுதல் வட்டி வாங்கியவர் அடுத்து. சாவி கைக்கு வரும்வரை முதல் வீட்டுக்கு வங்கி தவணை கேட்கக் கூடாது. ஷென்ஜெனில் தொடங்கிய தனிநபர் திவால் சட்டம் சீனா முழுவதற்கும் வர வேண்டும். இதனால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும், வளர்ச்சி ஒரு புள்ளி குறையும் என்றால், குறையட்டும்.